பணியாளருக்குச் சளி, காய்ச்சல்: காப்பக விலங்குகளுக்குத் தொற்றாமல் தடுப்பது எப்படி?

கேள்வி | கூண்டுப்பொறுப்பாளர்

மீட்பு மையம் ஒன்றில் மார்மோசெட் என்னும் சிறு குரங்குகள், ஃபெரட்டுகள் (கீரி போன்ற நீளுடல் செல்லப்பிராணி), ஹாம்ஸ்டர்கள் (எலி போன்ற சிறு விலங்கு), பூனைகள் இருக்கின்றன. பணியாளர் ஒருவருக்குக் காய்ச்சலும் இருமலும். இன்னொருவருக்கு உதட்டோரம் கொப்புளம். இருவரையும் எத்தனை நாள் ஒதுக்கிவைக்க வேண்டும்? எதைக் கொண்டு, எந்த அளவில் கிருமிநீக்கம் செய்வது? ஒரு ஃபெரட் நேற்றிலிருந்து தும்முகிறது. அதற்கு மாதிரி எடுக்கும் முறையும் வேண்டும்.

மறுமொழி 1 | வனவிலங்கு மருத்துவர்

முதலில் உதட்டுக் கொப்புளக்காரரைக் கவனியுங்கள், அவர்தான் அவசரம். நமக்குச் சின்னத் தொல்லையாக வந்துபோகிற ஹெர்ப்பீஸ் சிம்ப்ளெக்ஸ் வகை 1 வைரஸ், மார்மோசெட்டுக்கு எமன். வாயில் புண், எச்சில் ஒழுகல், அடுத்து மூளையழற்சி. பெரும்பாலும் சில நாட்களில் இறந்துவிடும். அறிகுறி தெரிந்தபின் மருந்து கொடுத்துப் பயன் அரிது. பொருக்கு முழுதாக உதிரும்வரை அவர் குரங்குப் பகுதிக்கு வரவே கூடாது. அவர் கடித்த பழத்தின் மிச்சமும் உள்ளே போகக் கூடாது. கொப்புளம் இல்லாத நாளிலும் எச்சிலில் இந்த வைரஸ் வெளியேறலாம் என்பதால், குரங்குகளிடம் போகும் எல்லோருக்கும் எப்போதும் முகக்கவசமும் கையுறையும் கட்டாயம்.

காய்ச்சல்காரர் விஷயத்தில் கவலை ஃபெரட்டுகளைப் பற்றியது. 1933இல் மனித இன்ஃபுளுவென்சா (ஃப்ளூ காய்ச்சல்) வைரஸை முதலில் பிரித்தெடுத்ததே ஃபெரட்டுகளில்தான். அவ்வளவு எளிதாக அவற்றுக்குத் தொற்றும். அறிகுறி தொடங்கி 7 நாள், அல்லது மருந்து இல்லாமலே காய்ச்சல் விட்டு 24 மணி நேரம், எது பிந்தியதோ அதுவரை விடுப்பு. ஆனால் அறிகுறிக்கு ஒரு நாள் முன்பே வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். அதனால் விடுப்பை மட்டும் நம்ப முடியாது. முகக்கவசம் தினசரிப் பழக்கமாக வேண்டும்.

இது மிகையான எச்சரிக்கை என்று யாராவது சொன்னால், கோட் டிவார் நாட்டின் டாய் காட்டைச் சொல்லுங்கள். 1999, 2004, 2006 ஆண்டுகளில் அங்கே சிம்பன்சிகளிடையே பரவிய மூச்சுநோய்களில் கண்டறியப்பட்டவை மனிதரின் மூச்சுப்பாதை வைரஸ்களான ஆர்.எஸ்.வி.யும் மெட்டாநியூமோ வைரஸும்தான். நமக்கு வெறும் ஜலதோஷம். அவற்றில் பல இறந்தன.

மறுமொழி 2 | சுகாதாரப் பிரிவு

அளவு: 5% சோடியம் ஹைப்போகுளோரைட் (ப்ளீச்) 20 மி.லி., தண்ணீர் 980 மி.லி.; கலவை 0.1% ஆகும். பரப்பு 10 நிமிடம் ஈரமாகவே இருக்க வேண்டும். தெளித்த கையோடு துடைத்தால் பயனில்லை.

பலர் தவறுவது வரிசையில்தான். மலமும் உணவுத் துகளும் குளோரினைத் தின்றுவிடும். ஆகவே விலங்கை வேறு கூண்டுக்கு மாற்றி, சோப்புத் தண்ணீரால் தேய்த்துக் கழுவி, அதன்பிறகே கரைசல். சிறுநீர் தேங்கிய இடத்தில் நேராக ஊற்றினால் அமோனியாவோடு சேர்ந்து குளோரமின் வாயு கிளம்பும். பணியாளருக்கும் விலங்குக்கும் மூச்சுத் திணறும். கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி, உலர்த்திய பிறகே விலங்கைத் திருப்பி விடுங்கள். கலவையை அன்றன்று புதிதாகத் தயாரியுங்கள்.

பூனைப் பகுதியில் பீனால் கலந்த கிருமிநாசினி கூடவே கூடாது. பூனையின் ஈரலால் அதைச் சரியாகச் சிதைக்க முடியாது. எந்த விலங்கின் உடலையும் ஆல்கஹாலாலோ ப்ளீச்சாலோ துடைக்க வேண்டாம், நக்கி விழுங்கிவிடும்.

மறுமொழி 3 | ஆய்வகம்

தும்மும் ஃபெரட்டுக்கு: மெல்லிய பாலியெஸ்டர் முனை, பிளாஸ்டிக் தண்டு உள்ள குச்சியால் மூக்கிலும் தொண்டையிலும் மாதிரி எடுத்து, வைரஸ் கடத்து ஊடகம் (வைரஸ் கெடாமல் காக்கும் திரவம்) உள்ள குழாயில் போடுங்கள். மரத்தண்டுக் குச்சியோ கால்சியம் ஆல்ஜினேட் முனையோ வேண்டாம், பி.சி.ஆர். (வைரஸின் மரபணுவைப் பெருக்கிக் கண்டறியும் சோதனை) வினையைக் கெடுக்கும். 72 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேருமானால் 4 டிகிரி செல்சியஸ் போதும். தாமதமானால் மைனஸ் 70. வீட்டு உறைபெட்டியில் வைத்து எடுப்பது மாதிரியைப் பாழாக்கும்.

ஒரே ஒரு பலவீனமான பாசிட்டிவ் வந்தால் முடிவு கட்டாதீர்கள். நோயுற்ற பணியாளர் தும்மிய வைரஸ் விலங்கின் மூக்கில் வெறுமனே ஒட்டியிருக்கலாம். இரண்டாம் மாதிரியிலும் பாசிட்டிவ், அல்லது 2–3 வார இடைவெளியில் எடுத்த இரு ரத்த மாதிரிகளில் எதிர்ப்பொருள் நான்கு மடங்கு உயர்வு இருந்தால்தான் தொற்று உறுதி. நாய் டிஸ்டெம்பர் என்னும் வைரஸ் நோய்க்கும் சேர்த்துச் சோதியுங்கள். ஃபெரட்டில் தொடக்கத்தில் அதுவும் இப்படித்தான் தெரியும்.

கேள்வி | கூண்டுப்பொறுப்பாளர்

நன்றி. விலங்குக்கு லேசாக வந்து சரியாகிவிட்டால் விட்டுவிடலாமா? பூனைக்குக் காய்ச்சல் என்றால் பாராசிட்டமால் தரலாமா?

மறுமொழி 4 | வனவிலங்கு மருத்துவர்

பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. ஒரு 500 மி.கி. மாத்திரை ஒரு பூனையைக் கொன்றுவிடும். ஃபெரட்டுக்கும் ஆபத்துதான்.

லேசாக வந்தாலும் விட்டுவிட முடியாது. வைரஸ் புதிய உடலுக்கு ஏற்ப மாறி, மனிதரிடம் திரும்பக்கூடும். 2020இல் கொரோனா வைரஸ், ரோமத்துக்காகப் பண்ணையில் வளர்க்கும் மிங்கு என்னும் விலங்குகளுக்குப் போய், மாறுதல்களோடு பணியாளர்களிடம் திரும்பியது. டென்மார்க் அந்த நவம்பரில் ஏறத்தாழ 1.7 கோடி மிங்குகளை அழிக்க உத்தரவிட்டது. 2022 ஜனவரியில் ஹாங்காங்கில் விற்பனைக் கடை ஹாம்ஸ்டர்களிடமிருந்து மனிதருக்கு வந்தது. அமெரிக்காவின் வெள்ளைவால் மான்களில் பலமுறை புகுந்து, மானிலிருந்து மானுக்குப் பரவியது. காட்டு மந்தையில் நுழைந்ததை யாராலும் திரும்பப் பிடிக்க முடியாது.

ஆகையால் மீட்ட விலங்கைக் காட்டில் விடும் திட்டம் இருந்தால், அறிகுறி தணிந்தது மட்டும் போதாது. சோதனை நெகட்டிவ் ஆன பிறகே விடுங்கள். தும்மும் ஃபெரட்டை இன்றே தனி அறைக்கு மாற்றி, முடிந்தால் தனி ஆள் போடுங்கள். ஒரே ஆள்தான் என்றால் சுற்று வரிசை: முதலில் மார்மோசெட், பிறகு நலமாக உள்ள ஃபெரட்டுகள், ஹாம்ஸ்டர், பூனை, கடைசியில் அந்த ஃபெரட். அதன் தீவனத் தட்டும் துடைப்பமும் அந்த அறையைவிட்டு வெளியே வரக் கூடாது.