பழைய தசாவதார செட்: மூன்று ராமர், ஒரு குதிரைமுகம், யார் யார்?

மூன்றாம்படி:
கொலுவுக்கான காகிதக்கூழ் தசாவதார பொம்மை செட், எண்ணிக்கை சரியாகப் பத்து. பீடத்தில் எழுதியிருந்த பெயர்கள் அழிந்துவிட்டன. மச்சம் முதல் வாமனர் வரை குழப்பமில்லை. வராகரிடம் பூமாதேவி மட்டும் வலப்பக்கம் இருக்கிறார். கடையில் பார்ப்பதெல்லாம் இடப்பக்கம். செய்தவர் பிழையா? மீதி ஐந்து இவை:

அ) ஜடாமுடி, தாடி. தூக்கிய வலக்கை முஷ்டியில் துளை மட்டும்.
ஆ) கிரீடம், பச்சை மேனி. இடக்கை தோள் உயரத்தில், வலக்கை இடுப்பருகே. இரண்டும் காலி.
இ) வெள்ளை மேனி, நீல வேட்டி. கையில் ஒடிந்த குச்சி.
ஈ) புல்லாங்குழல்.
உ) குதிரை முகம், வெள்ளை மேனி, உட்கார்ந்த நிலை, நான்கு கை.

(இ) புத்தர் என்று ஒரு கட்சி. வரிசையும் சொல்லுங்கள். படியின் நீளம் 4 அடி, பீடம் ஒவ்வொன்றும் 4 அங்குல அகலம். ஈரத்துணியால் துடைக்கலாமா?

நாஞ்சில்கொடி:
முகத்தையும் நிறத்தையும் விட்டுவிட்டுக் கையைப் பாருங்கள். நிறம் அடுத்த முறை வண்ணம் பூசுபவர் கையில் மாறிப்போகும், கை அமைப்பு மாறாது.

(அ) பரசுராமர். துளையில் இருந்தது மழு (கோடரி). (ஆ) ராமர். உயர்ந்த இடக்கை வில்லுக்கு, தாழ்ந்த வலக்கை அம்புக்கு. செப்புத்திருமேனிகளிலும் இதே அமைப்புதான். வில்லைத் தனியாக வார்ப்பதால் பல ராமர்கள் வில்லில்லாமல் வெறுங்கையோடு நிற்கிறார்கள். கிரீடத்தை மட்டும் நம்பவேண்டாம், வனவாச ராமருக்கும் ஜடாமுடி உண்டு.

(இ) பலராமர், சந்தேகமே இல்லை. வெண்மேனி, நீல உடை, கையில் கலப்பை அல்லது உலக்கை. ஒடிந்த குச்சியின் நுனி வளைந்து தொடங்கினால் கலப்பை, நேராகப் போனால் உலக்கை. புறநானூறு 56ஆம் பாட்டே இவரைச் சங்கு நிறத்தவர், நாஞ்சில் (கலப்பை) படையும் பனைக்கொடியும் உடையவர் என்கிறது. புத்தர் என்றால் கையில் ஆயுதமே இருக்காது.

வரிசை: மச்சம், கூர்மம், வராகம், நரசிம்மம், வாமனர், பரசுராமர், ராமர், பலராமர், கிருஷ்ணர், கல்கி. பார்ப்பவரின் இடமிருந்து வலமாக. (உ) குதிரைமுகம் என்பதால் கல்கி, கடைசியில் வையுங்கள்.

ஏடும்எழுத்தும்:
மற்றதெல்லாம் சரி, (உ) மட்டும் அவசர முடிவு. குதிரைமுகக் கல்கி உண்டுதான். வைகானசம் என்ற வைணவ ஆகம மரபில் அவருக்குச் சங்கு, சக்கரத்தோடு வாளும் கேடயமும். கடையில் கிடைப்பதோ பெரும்பாலும் குதிரைமேல் வாளேந்திய மனித முகம். உங்களுடையது வெள்ளை மேனியோடு உட்கார்ந்திருக்கிறது என்கிறீர்கள். முன் கைகளைப் பாருங்கள். இடக்கையில் ஏடு, வலக்கை விரல்கள் உபதேச முத்திரையில் இருந்தால் (ஜபமாலையும் இருக்கலாம்) அவர் ஹயக்ரீவர். மடியில் லட்சுமி இருந்தால் லட்சுமி ஹயக்ரீவர். அவரும் திருமாலின் அவதாரமே, ஆனால் பத்துக்குள் இல்லை. காணாமற்போன கல்கியின் இடத்தில் எண்ணிக்கைக்காக யாரோ சேர்த்துவிட்டிருப்பார்கள்.

புத்தர் விஷயத்தில் வீட்டில் சண்டை வேண்டாம். மாமல்லபுரம் ஆதிவராகர் குடைவரைக் கல்வெட்டில் ‘ராமர், ராமர், ராமர், புத்தர், கல்கி’ என்றுதான் வருகிறது (மூன்று ராமர் என்பது பரசுராமர், ராமர், பலராமர்). அங்கே கிருஷ்ணரின் பெயர் இல்லை. கீதகோவிந்தம் பாடிய 12ஆம் நூற்றாண்டு ஜெயதேவரும் பலராமர், புத்தர் இருவரையும் எண்ணுகிறார். பத்தாக அவதரிப்பவரே கிருஷ்ணர் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை. தமிழ் வைணவ வழக்குக்குத் திருமங்கையாழ்வாரின் திருக்கண்ணபுரப் பாசுரம் போதும்: ‘முன்னும் இராமனாய்த் தானாய்ப் பின்னும் இராமனாய்த் தாமோதரனாய்க் கற்கியும்’. மூன்று ராமரும், பிறகு கண்ணனும் கல்கியும். உங்கள் செட் இந்தக் கணக்கில் செய்தது.

மூன்றாம்படி:
பார்த்தேன், இடக்கையில் ஏடு. அப்போது ஹயக்ரீவர்தான். வராகர்?

ஏடும்எழுத்தும்:
முதலில் ஒன்று: வலது என்றது பொம்மையின் வலதா, பார்க்கிற உங்கள் வலதா? சிற்பத்தில் எப்போதும் சிலையின் வலது. பாதிக் குழப்பம் இங்கேதான் பிறக்கிறது. உண்மையிலேயே பொம்மையின் வலது என்றாலும் பிழையில்லை. திருவிடந்தை வராகர் கோயிலில் தாயார் இடப்பக்கம், மாமல்லபுரத்துத் திருவலவெந்தை வராகர் கோயிலில் வலப்பக்கம். ஊர்ப்பெயரிலேயே இடமும் வலமும் இருப்பதாகச் சொல்வார்கள். மாமல்லபுரம் வராகக் குடைவரைப் புடைப்புச் சிற்பத்திலும் தேவி வலத் தொடையில்தான்.

பசையும்தூரிகையும்:
ஈரத்துணி வேண்டவே வேண்டாம். காகிதக்கூழ் பொம்மையில் வண்ணத்துக்கு அடியில் சுண்ணப்பொடிப் பூச்சு இருக்கும். ஈரம் பட்டால் அது ஊறி, காய்ந்தபின் வண்ணத்தோடு செதிலாக உரியும். மூக்கும் விரல்நுனியும்தான் முதலில் போகும். காய்ந்த மெல்லிய தூரிகையால் மேலிருந்து கீழாகத் தட்டிவிட்டால் போதும்.

ராமரின் வில்லுக்கு மெல்லிய செம்புக் கம்பி நல்லது. கீழ்நுனி பீடத்தைத் தொட்டு, மேல்நுனி தோளைத் தாண்டி நிற்கட்டும். முதலில் பல்குச்சியை விட்டுத் துளையின் அகலம் பாருங்கள். தடித்த கம்பியைத் திணித்தால் முஷ்டி இரண்டாகப் பிளக்கும். மழுவின் வாய் வெளிப்பக்கம் பார்க்கவேண்டும். பலராமர் மேனிக்கு மறந்துபோய் நீலம் அடித்துவிடாதீர்கள், படியில் இரண்டு கிருஷ்ணர் ஆகிவிடுவார்கள்.

இடக் கணக்கு: 10 பீடம் × 4 அங்குலம் = 40. நடுவே 9 இடைவெளி, தலா முக்கால் அங்குலம் வைத்தால் ஏறக்குறைய 47. படி 48. ஒரு அங்குல இடைவெளி விட்டால் 49 ஆகி, கடைசிப் பொம்மை விளிம்பில் தொங்கும். ஆனால் ஹயக்ரீவருக்குப் பதிலாக வாங்கும் புதுக் கல்கி பெரும்பாலும் குதிரைமேல் வருவார், அவர் பீடம் 4 அங்குலத்துக்குள் அடங்குவது அரிது. குதிரையைச் சாய்வாகத் திருப்பினால் அகலம் குறையும், படியின் ஆழம் அதிகம் வேண்டும். வாங்கப்போகும்போது இஞ்ச் டேப்பும் ராமர் பொம்மையின் உயர அளவும் கையில் இருக்கட்டும். ஹயக்ரீவரை வேறு படியில் சரஸ்வதி பக்கத்தில் வைத்துவிடலாம், இருவருக்கும் வேலை கல்விதானே.