விண்டோஸ் 10 லேப்டாப்ப வெச்சு என்ன பண்றது, சொல்லுங்கப்பா

வணக்கம் மக்களே, ஒரு ஹெல்ப் வேணும். ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கேன், கூடவே கல்யாணப் பத்திரிகை டிசைனும் பண்றேன். லேப்டாப்ல இருக்கறது இன்டெல் ஐ5 ஏழாவது ஜெனரேஷன் ப்ராசஸர், எஸ்எஸ்டி மாத்துனதுக்கப்புறம் குதிரை மாதிரி ஓடுது. ஆனா விண்டோஸ் 10 சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சிடுச்சு, சரி 11 போடலாம்னு பார்த்தா இன்டெல்ல பெரும்பாலும் எட்டாவது ஜெனரேஷன்ல இருந்துதான் மைக்ரோசாஃப்ட் லிஸ்ட்லயே வருது, டிபிஎம் 2.0-ங்கற செக்யூரிட்டி சிப் வேற இருக்கணும் (என்னோடதுல அது இருக்கு, இருந்து என்ன பிரயோஜனம்). சர்வீஸ் கடைக்காரர் "தூக்கிப் போட்டுட்டு புதுசு வாங்குங்கண்ணே"ன்னு ஈசியா சொல்றார், அவருக்கென்ன.

2026 அக்டோபர் வரைக்கும் செக்யூரிட்டி அப்டேட் மட்டும் நீட்டிச்சுக்கலாம், அதுக்கும் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்ல லாகின் பண்ணியே ஆகணும்ங்கறாங்க. என் கம்ப்யூட்டருக்குள்ள போக நான் ஏன்யா பேர் குடுத்துட்டு போகணும்?

வெறுத்துப்போய் விண்டோஸுக்குப் பதிலா ஃப்ரீயா கெடைக்கற லினக்ஸ் மின்ட்ட பென்டிரைவ்ல போட்டுப் பார்த்தேன். வைஃபை வந்துச்சு, தமிழ்99 கீபோர்டு டைப்பிங்கும் வந்துச்சு. பழைய பத்திரிகை மேட்டரைத் திறந்தா மணமகள் பேர் இருக்கற எடத்துல இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா நிக்குது, அப்புறம்தான் பாமினிங்கற பழைய தமிழ் ஃபான்ட் போடலன்னு உறைச்சுது, போட்டதும் சரியாயிடுச்சு.

மாட்டிக்கிட்டது பேஜ்மேக்கர்ங்கற பழைய விண்டோஸ் டிசைன் சாஃப்ட்வேர்லதான். பத்து வருஷ ஃபைல் அதுல கெடக்கு. லினக்ஸ்ல விண்டோஸ் சாஃப்ட்வேர ஓட்ட வைக்கற வைன்ல (Wine) அத ஓட்டினவங்க யாராச்சும் இருக்கீங்களா, பிரின்ட் ஒழுங்கா வருதா? இல்ல நெட்டைப் புடுங்கிட்டு அதுக்கு மட்டும் விண்டோஸ ஒரு ஓரமா வெச்சுக்கவா? முகூர்த்த சீசன் வர்றதுக்குள்ள முடிவு பண்ணணும், தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.