லவுடன் கவுண்டியில் நிலம் வைத்திருப்பவர்கள் யாராவது உதவ முடியுமா?

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் லவுடன் கவுண்டியின் (மாவட்டம் போன்றது) மேற்குப் பக்கம் எங்களுக்குக் கொஞ்சம் புல் நிலம் இருக்கிறது. ஏஆர்-1 என்ற விவசாய-கிராமப்புற மண்டலம். சாதாரணமாகப் பிரித்தால் 20 ஏக்கருக்கு ஒரு மனை, மனைகளை ஒரு பக்கமாகச் சேர்த்துவைத்து மீதியைத் திறந்த நிலமாக விடும் கிளஸ்டர் முறையில் 5 ஏக்கருக்கு ஒன்று. கிளஸ்டர் போட்டாலும் நல்ல விளைமண்ணில் பெரும்பகுதியைத் தொடாமல் விடவேண்டும் என்று விதியை இறுக்கும் யோசனை வந்திருக்கிறது.

நோக்கத்தில் குறை சொல்லமாட்டேன். ஆனால் எங்கள் நிலத்தில் செப்டிக் டேங்குக்கான பெர்க் டெஸ்ட் (மண் தண்ணீரை உறிஞ்சுகிறதா என்று பார்க்கும் சோதனை) தேறியதே அந்த நல்ல மண் உள்ள மேட்டில்தான். ஓடைப் பக்கம் இரண்டடி தோண்டினாலே தண்ணீர். மகளுக்கு ஒரு வீடு கட்ட வைத்திருந்த இடம் அந்த மேடுதான்.

வர்ஜீனியா சட்டத்தில் உள்ள குடும்பப் பிரிவினை முறையில் (நெருங்கிய குடும்பத்தினருக்காக நிலத்தைப் பிரிப்பது) யாராவது நிலம் பிரித்திருக்கிறீர்களா? இந்தப் புது நிபந்தனை அதற்கும் பொருந்துமா? நல்ல மண் எங்கே என்று காட்டும் மண் வரைபடம் தவறு என்று நேரில் ஆய்வு செய்து காட்டினால் ஏற்பார்களா?

இந்த விதி மாற்றம் பற்றி நோட்டீஸ் வந்தவர்கள் அதைத் தூக்கிப்போட வேண்டாம். இதே கவுண்டி 2003-ல் கொண்டுவந்த நில மண்டல விதிகளை, அறிவிப்பு முறையாக இல்லை என்றுதான் 2005-ல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதாக்கியது. நிலச் சட்டம் தெரிந்த நல்ல வக்கீல் இருந்தால் இன்பாக்ஸில் சொல்லுங்கள்.