சாய்கிற கிறிஸ்துமஸ் மரம்
(பாளை வீட்டுக் குழு)

பாளை அத்தை: வாசலில் நிற்கும் கிறிஸ்துமஸ் மரம் தெற்கே சாய்ந்துகொண்டே போகிறது. அடுத்த வீட்டு அண்ணாச்சி தம் தண்ணீர்த் தொட்டியைக் காட்டிக் காட்டிப் பேசுகிறார். சனிக்கிழமை வெட்ட ஆள் சொல்லியிருக்கிறேன்.

சித்தப்பா: நம் அப்பா காலத்தில் சவுக்குக் கிளையைத்தான் தொட்டியில் நட்டு நட்சத்திரம் கட்டினோம். அதுவும் இந்த வகைதானே?

மலர்: இல்லை சித்தப்பா. நம் வாசல் மரம் பூக்காத ஊசியிலைக் குலம், சவுக்கு பூக்கிற மரம். ஊசி போலத் தெரிவது பச்சைக் குச்சி. இலை கணுவில் பொடிப் பல்லாக ஒட்டியிருக்கும். அத்தை, சரியாகத் தெற்கேதானா?

பாளை அத்தை: ஐம்பது வருஷமாக இருக்கும் வீட்டில் எனக்குத் திசை தெரியாதா?

மலர்: அப்படியானால் அது குக் மரம். நர்சரிகளில் நார்போக் தீவு மரம் என்று சொல்லி இதைத்தான் பெரும்பாலும் விற்கிறார்கள். குக் மரம் பூமத்திய ரேகையைப் பார்த்துச் சாயும். ஐந்து கண்டங்களில் 256 மரங்களை அளந்து ஆராய்ச்சியாளர்கள் 2017-இல் எழுதினார்கள். சராசரிச் சாய்வு 8.55 டிகிரி. ஆஸ்திரேலியாவில் வடக்கே சாயும், நம் பக்கம் தெற்கே. ரேகையை விட்டு விலக விலகச் சாய்வு கூடும். பாளை ரேகைக்குக் கிட்டத்தில் இருப்பதால் நம் மரம் லேசாகத்தான் சாய வேண்டும்.

மாமா: தூக்குக்குண்டு விட்டுப் பார்த்துவிட்டேன். பத்தடிக்கு அரையடி. ஏறக்குறைய 3 டிகிரி.

மலர்: பார்த்தீர்களா!

சித்தப்பா: குக் என்றால் கப்பல்காரர் குக்கா?

மலர்: அவரேதான். 1774-இல் பசிபிக் கடலில் நியூ கலிடோனியா தீவின் கரையை நெருங்கியபோது தூரத்தில் நெட்டையாக ஏதோ நின்றது. கல்தூண் என்றார்கள் சிலர், மரம் என்றார் குக். குக்தான் ஜெயித்தார்.

பெரியப்பா: காட்டில் வேலை பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். நம் களக்காடு, முண்டந்துறை மலையிலும் இந்தக் கூட்டத்து மரம் உண்டு, நிரம்பாலி. தென்னிந்தியாவில் தானாக வளரும் ஊசியிலைக் குல மரம் அது ஒன்றுதான். ஆனால் இலை ஊசியாக இருக்காது, அகலமாக இருக்கும். புதியவர்களைக் கூட்டிப்போய்க் காட்டினால் நம்ப மாட்டார்கள்.

சித்தப்பா: பெரம்பலூர்ப் பக்கம் சாத்தனூரில் கல்லாகிக் கிடக்கிறதே ஒரு மரம்?

மலர்: அதுவும் இதே குலம். 18 மீட்டர் நீளம், 12 கோடி வருஷம்.

நாகர்கோவில் சின்னம்மா: வெட்டினால் எனக்கு ஒரு கிளை கொடுங்கள், நட்டுக்கொள்கிறேன்.

மலர்: பக்கக் கிளையை நட்டால் வேர் பிடித்தாலும் நிமிராது சின்னம்மா. கிளையாகவே தரையோடு படுத்து வளரும்.

மாமா: மரத்துக்கும் தொட்டிக்கும் இடையே பதினாறு அடி இருக்கிறது. அண்ணாச்சியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

பாளை அத்தை: ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கொடுத்த முன்பணம் 500 ரூபாய் திரும்பாதாம். மலர், அதை நீ அனுப்பு.