பாடநூல் செலவில்லாத பட்டமும் 110 டாலர் ஆக்சஸ் கோடும்

குழு: வைகைக்கரை உறவுகள்
ஞாயிற்றுக்கிழமை (நேரம் இந்திய நேரம்)

மீனா (ஃப்ரெஸ்னோ), இரவு 8:40
ரவி அண்ணா, கயல் சேர்ந்திருப்பது பாடநூலுக்கு ஒரு காசும் செலவில்லாத பட்டம் என்று சொல்லித்தான் கல்லூரி ஆலோசகர் எங்களைச் சேரச் சொன்னார். இந்தப் பருவத்தில் அவள் எடுத்திருக்கும் நான்கு பாடங்களில் மூன்றுக்கு, சொன்னபடியே நூல் இணையத்தில் இலவசமாகக் கிடைத்துவிட்டது. நான்காவதான புள்ளியியலுக்கு மட்டும், வீட்டுப்பாடம் செய்வதற்கு 110 டாலர் கொடுத்து, பதிப்பகத்தின் இணையத் தளத்தில் நுழைவதற்கான ஓர் ஆக்சஸ் கோடு வாங்கியாக வேண்டும் என்று பேராசிரியரிடமிருந்து நேற்று மின்னஞ்சல் வந்திருக்கிறது. பாடத்தைக் கைவிட்டுப் பணத்தைத் திரும்பப் பெறுவதற்கு வெள்ளிக்கிழமைதான் கடைசி நாள். நாங்கள் எதையாவது தவறாகப் புரிந்துகொண்டோமா?

ரவி (சாக்ரமென்டோ), இரவு 8:52
உன்மேல் தவறில்லை, மீனா. ஆனால் ஆலோசகர் ஒன்றைச் சொல்லாமல் விட்டிருக்கிறார். பட்டத்துக்கு அப்படிப் பெயர் வைத்தாலும், செலவு உண்டா இல்லையா என்பது ஒவ்வொரு பிரிவுக்கும் தனித்தனியாகத்தான் முடிவாகிறது. ஒரே புள்ளியியல் பாடத்தை ஆறேழு ஆசிரியர்கள் நடத்துவார்கள். எந்த நூல் என்பதை அவரவர் பிரிவுக்கு அவரவரே தேர்ந்தெடுப்பார்கள். முழுக்க இலவசமான டிஜிட்டல் பாடப்பொருளைக் கொண்டு நடக்கும் பிரிவுகளுக்கு அட்டவணையிலேயே ஒரு சின்னம் இட வேண்டும் என்று கலிபோர்னியாவில் 2016 இல் சட்டம் வந்தது. 2018 ஜனவரியிலிருந்து அது நடைமுறையில் இருக்கிறது. கயலின் பிரிவுக்கு எதிரே அந்தச் சின்னம் இருக்கிறதா என்று பார்.

மீனா, இரவு 9:01
இல்லை அண்ணா. சின்னம் போட்ட காலைப் பிரிவு நிரம்பிவிட்டதால், கையில் கிடைத்த மதியப் பிரிவில் பதிந்துகொண்டாளாம். அது வெறும் அலங்காரப் படம் என்று நினைத்தாளாம்.

செல்வி அத்தை (திருச்சி), இரவு 9:05
ஒரு புத்தகத்துக்கு ஒன்பதாயிரம் ரூபாய்க்கு மேலா? அங்கே படிப்புக்கான கட்டணமே அதைவிடக் குறைவு என்றல்லவா போன தீபாவளிக்கு நீ சொன்னாய், ரவி?

ரவி, இரவு 9:14
குறைவு என்று சொல்ல முடியாது, அத்தை, கொஞ்சம்தான் கூடுதல். கலிபோர்னியாவில் வசிப்பவர்களுக்கு, கயல் படிப்பதைப் போன்ற இரண்டாண்டு அரசுக் கல்லூரியான கம்யூனிட்டி கல்லூரியில் ஒரு யூனிட்டுக்கு, அதாவது பாடத்தை அளக்கும் அலகுக்கு, கட்டணம் 46 டாலர். மூன்று யூனிட் பாடம் என்றால் 138 டாலர். இரண்டாண்டுப் பட்டத்துக்கு 60 யூனிட். வருமானம் குறைந்த குடும்பம் என்றால் இந்தக் கட்டணமும் தள்ளுபடியாகிவிடும். ஆகவே பாடநூலும் கோடும்தான் மாணவர் தம் பையிலிருந்து எடுத்துவைக்க வேண்டிய பெரும் பணம். கட்டணத்தை அரசு ஏற்றுக்கொண்ட பிறகும் புத்தகம் வாங்க வழியில்லாமல், முதல் மூன்று வாரத்தை வெறுங்கையுடன் ஓட்டும் பிள்ளைகளை நான் நடத்தும் வகுப்பிலேயே ஒவ்வொரு பருவத்திலும் பார்க்கிறேன். அதனால்தான் இந்தப் பட்டங்களை உருவாக்க மாநில அரசு 2016 இல் 50 லட்சம் டாலரும், 2021 இல் 11.5 கோடி டாலரும் ஒதுக்கியது.

சுந்தரம் பெரியப்பா (மதுரை), இரவு 9:20
வணிகவியல் துறையில் முப்பத்தோராண்டு வேலை பார்த்தவன் என்ற முறையில் கேட்கிறேன். விலையில்லாத நூலுக்குத் தரம் இருக்குமா? என் மாணவர்களும் காசு கொடுத்து நூல் வாங்கியதில்லை. கல்லூரி வாசலில் இருந்த ஜெராக்ஸ் கடைதான் அவர்களுக்கு நூலகம். அதையே இப்போது கணினியில் செய்து அதற்குப் பட்டம் என்று பெயர் வைத்திருக்கிறார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

பிரபு (கோவை), இரவு 9:27
பெரியப்பா, ஜெராக்ஸ் எடுப்பதும் இந்த இலவச நூல்கள் வெளிவரும் திறந்த உரிமமும் ஒன்றில்லை. தில்லிப் பல்கலைக்கழக வளாகத்தில் இருந்த ஜெராக்ஸ் கடையின்மீது வெளிநாட்டுப் பதிப்பகங்கள் போட்ட வழக்கில், கற்பித்தலுக்காகப் பாடத்தொகுப்பு நகலெடுப்பது சட்டப்படி குற்றமாகாது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2016 இல் சொன்னது உண்மைதான். ஆனால் அந்தப் பக்கங்களைத் திருத்தவோ, வேறு ஊர் மாணவர்களுக்காக மாற்றி எழுதி இணையத்தில் வெளியிடவோ அந்தத் தீர்ப்பு இடம் தரவில்லை. திறந்த உரிமத்தில் எழுதியவர் முன்கூட்டியே அனுமதியைக் கொடுத்துவிடுகிறார்: வைத்துக்கொள், பயன்படுத்து, திருத்து, வேறொன்றோடு சேர், பிறருக்குக் கொடு, என் பெயரை மட்டும் குறிப்பிடு.

சுந்தரம் பெரியப்பா, இரவு 9:31
பாரதியார் நூல்களை அரசு நாட்டுடைமை ஆக்கியதைப் போலவா?

பிரபு, இரவு 9:34
கிட்டத்தட்ட அதே பலன்தான், பெரியப்பா. ஆனால் அங்கே உரிமையை அரசு விலை கொடுத்து வாங்கிப் பொதுவில் விட்டது. இங்கே உரிமை எழுதியவரிடமேதான் இருக்கும். அனுமதிச் சீட்டு மட்டும் நூலின் முதல் பக்கத்திலேயே அச்சாகியிருக்கும்.

ரவி, இரவு 9:48
தரத்தைப் பற்றிக் கேட்டீர்கள், பெரியப்பா. ஹூஸ்டனில் உள்ள ரைஸ் பல்கலைக்கழகத்தின் ஓப்பன்ஸ்டாக்ஸ் என்ற அமைப்பு 2012 முதல் இப்படிப்பட்ட இலவசப் பாடநூல்களை வெளியிடுகிறது. எழுதுபவர்களுக்குப் பணம் தருகிறது, வேறு பேராசிரியர்களிடம் கொடுத்துப் பரிசோதிக்கிறது, அந்தச் செலவை அறக்கட்டளைகள் ஏற்கின்றன. கரிம வேதியியலில் ஜான் மெக்மரி எழுதிய நூலை நம் ஊர் வேதியியல் ஆசிரியர்களுக்கும் தெரியும். பல பதிப்புகள் கண்டு, பல்லாண்டுகளாக நல்ல விலைக்கு விற்ற நூல் அது. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்னும் மரபணு நோயால் 2019 இல் இறந்துபோன தம் மகன் பீட்டரின் நினைவாக, அதன் பத்தாம் பதிப்பை 2023 இல் ஓப்பன்ஸ்டாக்ஸ் வழியாக இலவசமாக வெளியிட்டார். நேற்றுவரை காசு கொடுத்து வாங்கிய அதே மெக்மரிதான், பெரியப்பா.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கயலின் விஷயத்தில் எனக்கு வயிற்றெரிச்சல் தருவதே இதுதான். ஓப்பன்ஸ்டாக்ஸின் புள்ளியியல் அறிமுக நூல், கலிபோர்னியாவின் டி ஆன்சா கல்லூரியில் பாடம் நடத்திய பார்பரா இலோவ்ஸ்கி, சூசன் டீன் ஆகிய இருவரும் தம் வகுப்புக்காக எழுதியதிலிருந்து வளர்ந்தது. டி ஆன்சாவும் ஒரு கம்யூனிட்டி கல்லூரிதான். நம் மாநிலத்து வகுப்பறையில் பிறந்த நூல் உலகம் முழுக்க இலவசமாகப் போய்ச் சேர்ந்திருக்கும்போது, அதே மாநிலத்தில் அதே பாடத்துக்கு அந்தப் பெண் 110 டாலர் கட்ட வேண்டியிருக்கிறது.

செல்வி அத்தை, இரவு 9:53
நூல் இருக்கிறது, பணமும் அரசு தந்திருக்கிறது. அப்புறம் என்ன தடை? அந்தப் பேராசிரியருக்கு ஏதாவது கமிஷனா?

ரவி, இரவு 10:10
அப்படிச் சொல்லிவிடாதீர்கள், அத்தை. அவர் பகுதிநேர ஆசிரியராக இருப்பார் என்று எனக்குத் தோன்றுகிறது. எங்கள் கல்லூரிகளில் பாதிக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் அப்படித்தான். இரண்டு மூன்று கல்லூரிகளுக்குக் காரில் அலைவார்கள். வகுப்பு தொடங்க ஒரு வாரம் இருக்கும்போதுதான் ‘உங்களுக்குப் புள்ளியியல்’ என்று செய்தி வரும். பதிப்பகத்தின் கோடு மாணவரிடம் வாங்குவது பணத்தை. ஆசிரியருக்குக் கொடுப்பது நேரத்தை. விரிவுரைப் படங்கள், ஆயிரக்கணக்கான கேள்விகள், தானே திருத்தி மதிப்பெண் போடும் ஏற்பாடு எல்லாம் அதில் ஆயத்தமாக இருக்கும். நாற்பது பேரின் வீட்டுப்பாடத்தை வாரந்தோறும் கையால் திருத்த அவருக்கு யார் சம்பளம் கொடுப்பது? நூலை மட்டும் இலவசமாக்கி, அதைச் சுற்றியுள்ள இந்த வேலைகளை அப்படியே விட்டால், அவர் திரும்பவும் கோடுக்குத்தான் போவார்.

நானும் நான்காண்டுக்கு முன் அப்படித்தான் இருந்தேன். எங்கள் துறையில் ஒரு பருவத்துக்கு எனக்கு ஒரு வகுப்பைக் குறைத்து, அந்த நேரத்தில் திறந்த பாடம் ஒன்றை உருவாக்கச் சொன்னார்கள். நூலைத் தொடுவதற்கு முன்பே, இந்தப் பாடத்தை முடிக்கும் மாணவருக்கு என்னென்ன தெரிந்திருக்க வேண்டும் என்ற பட்டியலை எடுத்துவைத்துக்கொண்டேன். பல்கலைக்கழகத்துக்கு மாறிப் போகும்போது அங்கே பார்ப்பது அந்தப் பட்டியலைத்தான், நூலின் பெயரை யாரும் கேட்பதில்லை. பட்டியலில் இல்லாத இரண்டு அத்தியாயங்களை நூலிலிருந்து எடுத்துவிட்டேன். பனி அள்ளும் வண்டியை வைத்துப் போட்டிருந்த கணக்கைத் தூக்கிவிட்டு, எங்கள் பக்கத்துப் பாதாம் தோட்டத்துக்கு நீர் பாய்ச்சும் கணக்கை எழுதினேன்; வகுப்பில் பாதிப் பேர் அந்தத் தோட்டங்களில் வேலை செய்யும் குடும்பத்துப் பிள்ளைகள். வீட்டுப்பாடத்தை மைஓப்பன்மேத் என்ற இலவசத் தளத்தில் ஏற்றினேன். ஒரே கேள்வியில் ஒவ்வொரு மாணவருக்கும் வேறு வேறு எண் வரும்; தானே திருத்தும். அந்தப் பொதியை இப்போது எங்கள் பகுதிநேர ஆசிரியர்கள் ஐந்து பேர் அப்படியே நகலெடுத்து நடத்துகிறார்கள்.

பிரபு, இரவு 10:18
ரவி அண்ணா, உரிமங்களைக் கலப்பதில் உங்களுக்குச் சிக்கல் வரவில்லையா? விக்கிப்பீடியாவில் எங்களுக்கு அது தினசரித் தலைவலி.

ரவி, இரவு 10:26
வந்தது, தம்பி. ஓப்பன்ஸ்டாக்ஸின் நுண்கணித நூல், வணிகத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, மாற்றினால் இதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும் என்ற இரண்டு நிபந்தனைகளோடு வந்தது. விக்கிப்பீடியாவின் உரிமத்தில் இரண்டாவது நிபந்தனை உண்டு, முதலாவது இல்லை. ‘இதே உரிமம்’ என்று இரண்டு பக்கமும் பிடிவாதம் பிடிப்பதால், இரண்டிலிருந்தும் பத்திகளை எடுத்து ஒரே அத்தியாயமாகப் பின்னி வெளியிட வழியில்லை. தெரியாமல் எட்டுப் பக்கம் எழுதிவிட்டு, நூலகர் சொன்ன பிறகு எடுத்தெறிந்தேன். மாற்றக் கூடாது என்ற நிபந்தனை உள்ள நூல்கள் இன்னும் மோசம். அவற்றை மொழிபெயர்த்துக்கூட வெளியிட முடியாது.

சுந்தரம் பெரியப்பா, இரவு 10:32
ஒரு பாடத்துக்கே இவ்வளவு பாடு என்றால், ஒரு முழுப் பட்டத்தை எப்படிக் கட்டினார்கள்? நல்லெண்ணம் உள்ள ஆசிரியர் ஒருவர் இங்கே, ஒருவர் அங்கே என்று செய்து அது நிறைவேறாதே.

ரவி, இரவு 10:45
சரியான இடத்தில் பிடித்தீர்கள், பெரியப்பா. வர்ஜீனியாவின் டைட்வாட்டர் கம்யூனிட்டி கல்லூரி 2013 இல் வணிக நிர்வாகத்தில் இப்படியொரு பட்டத்தைத் தொடங்கியது. இன்று நாடெங்கும் சொல்லப்படும் ‘இசட் டிகிரி’ (இசட் என்றால் ஜீரோ செலவு) என்ற பெயரே அங்கிருந்து பரவியதுதான். அவர்கள் பாடம் பாடமாகப் போகவில்லை. பட்டத்துக்கு வேண்டிய 21 பாடங்களையும் வரிசையாக எழுதி, எல்லாவற்றையும் சேர்த்துத் திட்டமிட்டார்கள். இருபது பாடத்தைச் செய்து ஒன்றை விட்டால் மாணவருக்கு அந்தப் பட்டம் கிடைக்காது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அங்கே திறந்த பாடப்பொருள் பிரிவுகளை மற்றவற்றோடு ஒப்பிட்டு 2016 இல் வெளிவந்த ஆய்வில், இடையில் விலகாமல் தேர்ச்சிவரை வந்தவர்களின் விகிதம் அந்தப் பிரிவுகளில் கூடுதலாக இருந்தது. ஆனால் எந்தப் பிரிவு என்பது குலுக்கிப் போட்டு முடிவானதில்லை என்பதால், அதை நான் அளவோடுதான் நம்புகிறேன். அதே 2016 இல் 13 மாநிலங்களில் 38 கல்லூரிகள் இதே வழியில் இறங்கின.

கயலின் கல்லூரியில் நடந்தது, ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தது ஒரு செலவற்ற பிரிவு இருக்கிறது என்று காகிதத்தில் காட்டிவிட்டுப் பட்டத்தை அறிவித்தது. அந்த ஒரு பிரிவு காலை ஒன்பது மணிக்கு நடந்து, நாற்பதாவது இடத்தோடு நிரம்பிவிட்டால், நாற்பத்தொன்றாவது மாணவருக்கு அந்தப் பட்டமே இல்லை. மாலையில் வேலைக்குப் போகும் பிள்ளை காலையில் வர முடியாது. காலையில் தம்பியைப் பள்ளிக்கு அனுப்ப வேண்டியவள் மாலையில்தான் வருவாள். அட்டவணை போடுபவரும் துறைத் தலைவரும் ஒரே மேசையில் உட்காராமல் இது நடக்காது.

செல்வி அத்தை, இரவு 10:50
அதெல்லாம் கல்லூரிக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள். வெள்ளிக்கிழமைக்குள் அந்தப் பிள்ளை என்ன செய்ய வேண்டும், அதைச் சொல்.

ரவி, இரவு 10:54
மீனா, கோடு வாங்காதே. இம்மாதிரித் தளங்களில் பெரும்பாலும் இரண்டு வாரம் இலவசமாக நுழைய விடுவார்கள். அதில் நுழைந்து இந்த வார வீட்டுப்பாடத்தை முடிக்கச் சொல். அட்டவணையில் சின்னம் போட்ட பிரிவுகளை மட்டும் வடிகட்டிப் பார்க்கும் வசதி இருக்கும். மாலைப் பிரிவும், பருவத்தின் நடுவில் தொடங்கும் எட்டு வாரப் பிரிவும் உண்டா என்று பாருங்கள். காத்திருப்புப் பட்டியல் இருந்தாலும் பெயரைக் கொடுக்கட்டும். முதல் வாரத்தில் ஐந்தாறு பேர் எப்படியும் விலகுவார்கள்.

மீனா, இரவு 11:20
கிடைத்துவிட்டது அண்ணா. சின்னம் போட்ட மாலைப் பிரிவு ஒன்றில் மூன்று இடம் இருந்தது. கயல் இப்போதுதான் மாறிப் பதிந்தாள். நூல் நீங்கள் சொன்ன அந்த டி ஆன்சா அம்மாக்கள் இருவருடையதேதான், முதல் அத்தியாயத்தைக் கைபேசியில் திறந்து வைத்துக்கொண்டிருக்கிறாள். வகுப்பு செவ்வாயும் வியாழனும் மாலை 7 மணி முதல் 9:05 வரை. அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. போகவர 34 மைல், நான்தான் கார் ஓட்ட வேண்டும்.

செல்வி அத்தை, இரவு 11:22
பெட்ரோல் கணக்கையும் புள்ளியியல் வீட்டுப்பாடமாகப் போடச் சொல்.