மூன்றாவது கிரீன் காப்ளின் கதை: 178, 179 இதழ்கள் யாரிடமாவது இருக்கிறதா?

வணக்கம் நண்பர்களே, ஒரு உதவி வேண்டும். அமேசிங் ஸ்பைடர்மேன் காமிக்ஸில் 1978இல் வந்த 176 முதல் 180 வரையிலான ஐந்து இதழ்களில் எனக்கு மூன்றுதான் கிடைத்திருக்கின்றன, நடுவில் 178, 179 இரண்டும் இல்லை.

ஸ்பைடர்மேனின் முகமூடி எதிரி கிரீன் காப்ளின் என்றதும் எல்லோருக்கும் நார்மன் ஆஸ்பார்ன்தான் நினைவுக்கு வருவார். 1973இல் 122ஆம் இதழில் தான் ஏறிப் பறக்கும் கிளைடரே நெஞ்சில் குத்தி அவர் விழுந்ததும், மகன் ஹாரி அதே முகமூடியை மாட்டிக்கொண்டு 136இல் வருகிறான். சரி, அப்பா, மகன், புரிகிறது. ஆனால் மூன்றாவதாக வருபவர் ஹாரிக்கு மனநல சிகிச்சை கொடுத்த டாக்டர் பார்ட் ஹாமில்டன்! தன்னை நம்பி ஹாரி சொன்ன ரகசியங்களை வைத்தே அந்த வேஷத்தைத் திருடிக்கொள்கிறார். எனக்கு மூவரில் இவர்தான் மிகவும் பயங்கரமானவர், ஏனென்றால் மற்ற இருவரைப் போல இவருக்குக் குடும்பக் காயம் எதுவும் கிடையாது, வெறும் பேராசைதான்.

180இல் முகமூடி கழன்றதும் ஹாமில்டனின் முகம் தெரியும் அந்தக் கட்டத்தை எத்தனை முறை பார்த்தேனோ, என் பிரதியில் அந்தப் பக்கத்தின் ஓரமே மடிந்து பழுப்பாகிவிட்டது. அதற்கு முன்னால் எங்கெங்கே குறிப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பார்க்க ஆசை.

இரவல் தந்தாலும் போதும், பத்திரமாகத் திருப்பி அனுப்புகிறேன், தபால் செலவு இரண்டு பக்கமும் என்னுடையது. விலைக்கு என்றாலும் சொல்லுங்கள். அப்புறம், இந்த ஐந்தும் சேர்ந்து வந்த தொகுப்பு யாரிடமாவது இருந்தால் அதன் அட்டையை மட்டும் படம் எடுத்துப் போடுங்கள், தேடி வாங்கிக்கொள்கிறேன்.