வெள்ளம் புகுந்த வீடு: சர்வேயர் வருமுன் பழுதுபார்க்கலாமா?

கேள்வி: மிக்ஜாம் புயல் மழையில் சென்னையை அடுத்த முடிச்சூரில் உள்ள எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பாரத் கிரஹ ரக்ஷா என்ற வீட்டுக் காப்பீட்டு பாலிசி இருக்கிறது, ஆனால் சேதத்தை மதிப்பிடும் காப்பீட்டு சர்வேயர் இன்னும் வரவில்லை. சுவர்ப்பூச்சு உப்பி உதிர்கிறது. அவர் வரும்வரை எதையும் தொடாமல் காத்திருக்க வேண்டுமா?

பதில் 1: காத்திருக்க வேண்டாம். சேதம் மேலும் பெருகாமல் தடுப்பது பாலிசிதாரரின் கடமையே ஆகும். ஆயினும் சேற்றை அள்ளுவதற்கு முன், சுவரில் படிந்திருக்கும் நீர்க்கோட்டின் அருகே அளவுநாடாவைப் பிடித்துப் படமெடுத்து, நனைந்த மெத்தை, பீரோ, பிரிட்ஜ் ஆகியவற்றை ஒவ்வொன்றாகப் பதிவு செய்து, கிளெய்ம் எண்ணுடன் நிறுவனத்துக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள். பழுதான பொருள்களைக் காயலான் கடைக்குப் போட்டுவிடாதீர்கள். எலக்ட்ரீசியன் சோதிக்கும்வரை மெயின் சுவிட்சைத் தயவுசெய்து போடவே வேண்டாம்.

பதில் 2: இந்தப் பாலிசியில் கட்டடத்துக்குக் காப்பீடு செய்திருந்தால், அத்தொகையில் 20 சதவீதம், உச்சமாக 10 லட்சம் ரூபாய் வரை, வீட்டுச் சாமான்களுக்கும் தானாகவே பாதுகாப்பு உண்டு. பலர் இதை அறியாமல் சுவருக்கு மட்டுமே கிளெய்ம் கேட்கிறார்கள். கொத்தனாரிடம் மதிப்பீட்டை எழுத்தில் வாங்குங்கள்.

பதில் 3: நிறுவனத்திடம் எழுத்தில் புகார் அளித்தும் ஒரு மாதத்துக்குள் பதில் வராவிட்டால், சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.